வீட்டு சோப்பில் உப்பு: டெல்டாக்காரர்கள் கேட்பதும் என் பதிலும்

காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் கலந்து வீட்டில் சோப்பு செய்யத் தெரிந்தவர்களுக்காக எழுதியது இது. இதுவரை செய்தே பார்க்காதவர்கள் முதலில் உப்பில்லாத சாதா சோப்பை இரண்டு மூன்று தடவை செய்து கை பழகிக்கொண்டு வாருங்கள். உப்பு வந்தால் எல்லாம் வேகமாக நடக்கும். நின்று யோசிக்க நேரம் இருக்காது.

உப்பு போட்டாத்தான் சோப்பு கட்டியாகும்னு சொல்றாங்களே, நிஜமா?

உப்பு இல்லாமலும் சோப்பு கட்டியாகும். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு வரும், கூடவே கிளிசரின் வரும். உப்புக்கு இதில் பங்கே கிடையாது. போட்ட உப்பு கடைசிவரை உப்பாகவே உள்ளே கிடக்கும்.

ஆனால் பக்கத்தில் உப்பு இருந்தால் சோப்பு தண்ணீரில் கரையச் சங்கடப்படும். அதனால் அச்சில் சீக்கிரம் இறுகும், சீக்கிரம் எடுக்கலாம். அதே காரணத்தால்தான் நுரையும் குறையும். கெட்டி வேண்டும், நுரை மட்டும் குறையக் கூடாது என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவதால் ஒன்றை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது. எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை உப்பின் அளவை வைத்து முடிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

அப்ப எவ்வளவுதான் போடுறது?

மூன்று விதமாகப் போடுகிறார்கள். மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

முதலாவது, கெட்டிக்காகக் கொஞ்சம் உப்பு. எண்ணெயின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு. அரைக்கிலோ எண்ணெய்க்கு 5 முதல் 10 கிராம். முதலில் உப்பைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பிறகு காஸ்டிக்கைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால், காஸ்டிக் கரைந்த தண்ணீரில் உப்பு லேசில் கரையாது.

இரண்டாவது, உப்புக் கரைசல் சோப்பு. எடுத்துக்கொள்ளும் தண்ணீரின் எடையில் கால் பங்கு உப்பு. 150 கிராம் தண்ணீருக்கு 37 கிராம் வரை. சாதாரண வெயிலில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைத்தான் தாங்கும் என்பதால் இதற்கு மேல் இழுத்துப் பார்க்க வேண்டாம். காஸ்டிக் போட்டதும் கரைசல் கலங்கலாகும், அடியில் கொஞ்சம் உப்பு படியலாம். பயப்படாமல் கலக்கிவிட்டு எண்ணெயில் ஊற்றுங்கள். உப்பு கரைந்தே இருப்பதால் இந்த சோப்பு மேனி வழவழப்பாக, பளிங்குபோல வரும். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்றாவதுதான் எல்லாரும் ‘உப்பு சோப்பு’ என்று சொல்வது. எண்ணெயின் எடையில் கால் பங்கிலிருந்து சரிக்குச் சரி வரைக்கும் உப்பு. இதைக் கரைப்பதில்லை. சோப்புக் கலவை கெட்டிப்பட ஆரம்பிக்கும்போது, அதாவது டிரேஸ் வந்ததும், அப்படியே தூவிக் கலக்குவது.

அக்கா, தவிட்டெண்ணெயில செஞ்ச சோப்பு ஒரு வாரமாகியும் கொழகொழன்னே இருக்கு. உப்பு உதவுமா?

உதவும். முதல் வகை உப்பு இதற்காகவேதான். நெல் அரைக்கும் ஊர் என்பதால் தவிட்டெண்ணெய் நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் அதுவும் கடலையெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவையும் இளகின சோப்பைத்தான் தரும். இந்த எண்ணெய்களை மட்டும் வைத்துச் செய்தால் உப்பு போட்டாலும் பாதிதான் சரியாகும். பாதிக்குத் தேங்காயெண்ணெய் சேருங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். தேங்காயெண்ணெய் 250 கிராம், தவிட்டெண்ணெய் 225, விளக்கெண்ணெய் 25. இவற்றை முழுக்கச் சோப்பாக்க ஏறக்குறைய 79 கிராம் காஸ்டிக் வேண்டும். நூற்றுக்கு ஐந்து குறைத்து 75 கிராம் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்று தோலைக் காக்கும். தண்ணீர் 150 கிராம், அதில் உப்பு 8 கிராம். இது எல்லாமே எடைக் கணக்கு. கரண்டிக் கணக்கோ மில்லி கணக்கோ இங்கே உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

முழு உப்பு சோப்புக்கு ஒரு அளவு சொல்லுங்க.

தேங்காயெண்ணெய் 500 கிராம். காஸ்டிக் 73 கிராம். தண்ணீர் 150 கிராம். பொடி உப்பு 250 கிராம்.

500 கிராம் தேங்காயெண்ணெயை முழுக்கச் சோப்பாக்க 91 கிராமுக்கு மேல் காஸ்டிக் வேண்டும். நான் 73 என்று சொல்வதால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் நிற்கும். இது தவறிப் போன கணக்கில்லை. வெறும் தேங்காயெண்ணெய் சோப்பு அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சேர்த்துத் துடைத்துவிடும். குளித்து வந்ததும் முகம் இழுத்துப் பிடிக்கும். அதைத் தணிக்கத்தான் இவ்வளவு எண்ணெயை விட்டுவைப்பது. சாதா சோப்பில் இப்படி ஐந்தில் ஒரு பங்கு விட்டால் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வந்துவிடும். தேங்காயெண்ணெய் சீக்கிரம் சிக்கு பிடிக்காத எண்ணெய் என்பதால் இங்கே தாங்குகிறது.

டிரேஸ் வந்த பிறகு உப்பைப் போடுங்கள். பிளெண்டரை எடுத்துவிட்டுக் கரண்டியால் கலக்குங்கள். உடனே அச்சில் ஊற்றுங்கள், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள்.

ஏன் தேங்காயெண்ணெய்தான்? நல்லெண்ணெயில உப்பு சோப்பு செய்யக் கூடாதா?

செய்யலாம், ஆனால் நுரையே வராது. கையில் வழவழப்பான ஒரு கல்லை வைத்துத் தேய்ப்பதுபோல இருக்கும்.

காரணம் எண்ணெயின் கட்டமைப்பில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் பாதிக்கு நெருக்கமாக லாரிக் அமிலம். அது 12 கரி அணுக்கள் கொண்ட குட்டைச் சங்கிலி. நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் பெரும்பாலும் 18 அணு நீளமுள்ள சங்கிலிகள். நீளச் சங்கிலி சோப்பு உப்புத் தண்ணீரைக் கண்டதும் கரைய மறுத்து ஒதுங்கிவிடும். குட்டைச் சங்கிலி சோப்பு உப்பு இருந்தாலும் ஓரளவு கரையும், நுரைக்கும். அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் கடல்தண்ணீரில் குளிக்கத் தேங்காயெண்ணெய் சோப்பை எடுத்துப் போனதும் இதனால்தான்.

ஆகவே தேங்காயெண்ணெய் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே இறங்கினால் உப்பு சோப்பு ஆசையை விட்டுவிடுங்கள். 2018 கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக வேறு என்ன என்று கேட்டவர்கள் உண்டு. பாமாயில் சாதா சோப்பைக் கெட்டியாக்கும். ஆனால் உப்பு சோப்பில் தேங்காயெண்ணெயின் இடத்தை அது பிடிக்காது. பாம் கெர்னல் எண்ணெய் பிடிக்கும், அதிலும் லாரிக் அமிலம் அதிகம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் அது கிடைப்பது அபூர்வம்.

எங்க ஊர் போர் தண்ணியில கடை சோப்பே நுரைக்க மாட்டேங்குது. நம்ம சோப்பு நுரைக்குமா?

கோடியக்கரை, புஷ்பவனம், தோப்புத்துறை பக்கமிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. இங்கே இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது.

தண்ணீர் கரிக்கிறது என்றால் அதில் சோடியம் உப்பு. இதற்குத் தேங்காயெண்ணெய் சோப்பு நன்றாகவே ஈடுகொடுக்கும். ஆனால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டுகிறது, பருப்பு வேக நேரமாகிறது என்றால் அது கால்சியமும் மெக்னீசியமும். இவை சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத திப்பியாகி வாளி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணெயில் செய்த சோப்பாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. முதலில் போடும் சோப்பெல்லாம் திப்பியாகவே போய், கால்சியம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும்.

கடலோரத்து போரில் பல இடங்களில் இரண்டுமே சேர்ந்துதான் இருக்கிறது. அங்கே உப்பு சோப்பு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீரே பாதி நுரையைத் தின்னும்போது சோப்புக்குள்ளும் உப்பை வைப்பானேன்? உப்பில்லாத தேங்காயெண்ணெய் சோப்பு செய்யுங்கள், கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்து. கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ ஆற்றுத் தண்ணீரோ வரும் வீடு என்றால் தாராளமாக உப்பு சோப்பு போடலாம்.

வேதாரண்யம் கல்லுப்பு விசேஷமா? அகஸ்தியம்பள்ளி உப்பளத்துலேருந்து நேரா வாங்கிட்டு வரவா?

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்த ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். அந்த வகையில் விசேஷம்தான். சோப்புக்கு என்று தனி விசேஷம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உப்பளத்திலிருந்து நேராக வரும் புது உப்பு சோப்புக்குச் சிக்கலும் தரும்.

கடல்நீர் காயும்போது சமையல் உப்பு படியும். மெக்னீசியம் குளோரைடு கசப்பு நீராக மிஞ்சி நிற்கும். வாரிய உப்பில் அந்த நீர் ஒட்டிக்கொண்டே வரும். உப்பைக் குவித்துவைத்து வடியவிட வடியவிடக் கசப்பு இறங்கும். அதனால்தான் பழைய உப்புக்கு மதிப்பு. மெக்னீசியம் இருந்தால் இரண்டு தொல்லை. ஒன்று, மேலே சொன்ன அதே திப்பி சோப்புக்குள்ளேயே உண்டாகும். இன்னொன்று, அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சோப்பு எப்போதும் நசநசவென்று இருக்கும்.

கல்லுப்பைத்தான் போடுவேன் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் உப்பைத் தண்ணீரில் இனி கரையாது என்கிற வரை கரைத்து, அந்தத் தண்ணீரால் மீதி உப்பைக் கழுவி வடியுங்கள். ஏற்கெனவே உப்பு நிறைந்த தண்ணீர் என்பதால் கல்லுப்பு கரையாது, மெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு போகும். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து மிக்சியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். பொடிக்காமல் போட்டால் கல் தோலைக் கீறும். கீறினால்தான் அழுக்குப் போகும் என்று வாதாடுகிறவர்கள் பீர்க்கங்காய் நாரை வாங்கிக்கொள்ளட்டும்.

அயோடின் உப்பு போடலாமா? இந்துப்பு? எப்சம் உப்பு?

அயோடின் உப்பு போடலாம். அதில் அயோடின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். சோப்பு அதைக் கண்டுகொள்ளாது. பொல பொலவென்று உதிரும் பாக்கெட் தூள் உப்புதான் நான் சொல்லும் முதல் தேர்வு, விலையும் குறைவு.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். கூடுதல் காசு கொடுத்து வாங்கும் அந்த இளஞ்சிவப்பு நிறம் சோப்பில் தெரியவே தெரியாது. எப்சம் உப்பு வேண்டாம், அது மெக்னீசியம் சல்பேட். பெயரில் உப்பு இருக்கிறதே என்று போட்டால் சோப்பு திரிந்து கண்ணீர் விடும்.

ஐப்பசி வந்தா சோப்பு மேல முத்து முத்தா தண்ணி கோத்துக்குது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. உப்பும் ஈரத்தை இழுக்கும், சோப்பிலேயே இருக்கும் கிளிசரினும் இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாக் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது சோப்பைக் குறை சொல்லி என்ன பயன்? துடைத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவைத்தால் அடைமழையைத் தாண்டிவிடும். காயாததை மூடிவைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் உப்பு சோப்பை மாசி, பங்குனியில் செய்வதே உத்தமம். காற்று உலர்ந்திருக்கும். சாதா சோப்பு நான்கு வாரத்தில் தயாராகும்; உப்பு சோப்புக்கு இரண்டு மூன்று மாதம் கொடுத்தால்தான் நுரை திறக்கும். அந்தக் கணக்கில் ஆடிக்குள் எல்லாம் உலர்ந்து எடுத்து வைத்துவிடலாம். காயவைப்பது கோரைப்பாய் மேலோ பிளாஸ்டிக் கூடையிலோ இருக்கட்டும். இரும்புக் கம்பி ஸ்டாண்டில் வைத்தால் உப்பு பட்டு அது துருப்பிடிக்கும், துரு சோப்பில் இறங்கும்.

மறுநாள் வெட்டினேன், பொடிப்பொடியா உதிர்ந்துபோச்சு.

மறுநாள்வரை விட்டதுதான் காரணம். முழு உப்பு சோப்பு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் இன்னும் சீக்கிரம். சூடு இன்னும் இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, அதுதான் பதம். அப்போது காஸ்டிக் முழுக்க அடங்கியிருக்காது, அதனால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க முடியாதவர்கள் தனித்தனிக் குழி உள்ள சிலிகான் அச்சில் ஊற்றிவிடுங்கள், வெட்டும் வேலையே இல்லை.

உதிர்ந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். காயவைத்துக் கால் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

பழைய இட்லித் தட்டுல ஊத்தலாமா?

எவர்சில்வர் தட்டு என்றால் ஊற்றலாம், பிறகு அதில் இட்லி ஊற்றக் கூடாது. அலுமினியம் என்றால் கூடவே கூடாது. காஸ்டிக் பட்டதும் அலுமினியம் அரித்துப் பொங்கி ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். அது தீப்பற்றும் வாயு. குழிப்பணியாரச் சட்டி, பழைய குக்கர், அலுமினிய அன்னக்கூடை எதற்கும் இதே பதில்தான்.

காஸ்டிக் கரைக்க எந்தத் தண்ணி?

ஆர்.ஓ. தண்ணீர் போதும். நேரடியாகப் பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீரும் நல்லது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரி, ஆனால் அதே கடையில் அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். கேனைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஆசிட்டில் காஸ்டிக் விழுந்தால் முகத்தில் தெறிக்கும்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடி, கையுறை, திறந்த இடம், குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரம் எல்லாம் வேண்டும். தோலில் பட்டால் குழாயடியில் நெடுநேரம் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் எதுவும் தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சோப்பு திரிஞ்சுபோச்சு. உப்புப் போட்டு மீட்கலாம்னு யாரோ சொன்னாங்க.

சொன்னவர் விஷயம் தெரிந்தவர். சோப்பு ஆலைகள் காலங்காலமாகச் செய்வதும் இதுதான். உப்பு இருந்தால் சோப்பு கரையாது என்று முதலில் பார்த்தோமே, அதை இங்கே வேலைக்கு வைக்கலாம்.

திரிந்த சோப்பைச் சீவி, எவர்சில்வர் பாத்திரத்தில் அது முங்கும் அளவுக்கு மேலாகத் தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் கரைய விடுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது, பொங்கும். கரைந்ததும் கெட்டியான உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் பால் திரிவதுபோல சோப்பு கட்டி கட்டியாகப் பிரிந்து மேலே மிதக்கும், கீழே கலங்கல் நீர் நிற்கும். அடுப்பை அணைத்து இரவெல்லாம் ஆறவிட்டால் காலையில் மேலே சோப்பு ஒரு தகடாக உறைந்திருக்கும். கூடுதலாகப் போன காஸ்டிக், அழுக்கு, நிறம் எல்லாம் கீழ்த்தண்ணீரில் இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் கையைச் சுடும், கையுறையோடு கொட்டுங்கள். இதையே இன்னொரு முறை செய்தால் இன்னும் சுத்தமாகும்.

இரண்டு குறை உண்டு. தேங்காயெண்ணெய் சோப்பு உப்புக்கு லேசில் அசையாது. பிரிக்க ஏகப்பட்ட உப்பு செலவாகும். மேலும் கிளிசரினும் கீழ்த்தண்ணீரோடு போய்விடும். ஆலைகள் அதைப் பிரித்து விற்றுக் காசு பார்க்கின்றன, நமக்கு அது சாக்கடைக்குத்தான். கிளிசரின் போன சோப்பு தோலை உலர்த்தும் என்பதால் துணிக்கும் பாத்திரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு சோப்பு சொறி, படை, முகப்பரு எல்லாம் போக்குமா அக்கா?

போக்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது குளிக்கிற சோப்பு, மருந்து கிடையாது. எண்ணெய் வழியும் தோலுக்குச் சிலருக்கு நன்றாக இருக்கிறது. வெடிப்பு, புண், ஷேவிங் செய்த இடம் இவற்றில் பட்டால் எரியும். கரப்பான் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் வேண்டாம்.

குளிச்ச தண்ணி வாழைக்குப் போகுது. உப்பு சோப்பால வாழை பட்டுப்போகுமா?

மேலே சொன்ன அளவில் செய்த 100 கிராம் சோப்பில் உப்பு 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். ஒருவர் அதை ஒரு மாதம் தேய்த்தால் நாளைக்கு ஒரு கிராம். ஒரு வீட்டுத் தண்ணீரில் இது பெரிதில்லை. ஆனாலும் வாழை உப்புக்கு நோஞ்சான் பயிர். நம் களிமண்ணில் சோடியம் சேரச் சேர மண் இறுகித் தண்ணீர் இறங்காது. வாய்க்காலைத் தென்னை பக்கம் திருப்பிவிடுங்கள், அது தாங்கும். துணி துவைக்கிற தண்ணீர்தான் உப்பு சோப்பைவிட வாழைக்கு அதிகக் கெடுதல். அதை முதலில் கவனியுங்கள்.

பக்கத்து வீடுகளுக்கு விற்கலாம்னு இருக்கேன்.

விற்பனைக்குக் குளியல் சோப்பு செய்ய 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். உரிமம் வரும்வரை உறவுக்காரர்களுக்குச் சும்மா கொடுங்கள். கொடுக்கும்போது உப்பு எவ்வளவு போட்டது என்று சொல்லிக் கொடுங்கள். உப்பு சோப்பு கையில் கனக்கும், அந்தக் கனத்தில் கால் பங்குக்கு மேல் மலிவாகக் கிடைக்கும் உப்பு என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.